விலையின் அலைவும் வாங்குவோரின் அளவும்

காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குச் செல்லும் எவருக்கும், விலை என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று என எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தில்லியில் தக்காளி கிலோ 150 ரூபாயையும் கடந்து விற்றது. அந்த வாரங்களில் நம் இல்லத்தரசிகள் செய்தது என்ன? தக்காளியை அடியோடு விட்டுவிடவில்லை. ஒரு கிலோ வாங்கிய இடத்தில் கால் கிலோ வாங்கினார்கள். ரசத்துக்குப் புளியைச் சற்றுக் கூட்டிக்கொண்டார்கள். விலை என்றைக்கு இறங்கும் என்று ஆரூடம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விலையின் போக்கு நம் கையில் இல்லை, வாங்கும் அளவு நம் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் எவரிடமும் பாடம் கேளாமலே அறிந்திருந்தார்கள்.

ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் பங்குச் சந்தைக்குள் கால் வைத்தவுடன் இந்த அறிவை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். விலைகள் கடுமையாக ஏறி இறங்கும் நாள்களில்தான் அவர்களுக்கு ஆவல் மிகுகிறது. அன்றைக்குத்தான் வழக்கத்தைவிட அதிகமாக வாங்குகிறார்கள். தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் புணேயிலும் உழைத்துச் சேர்த்த பணம், ஊரில் வீடு கட்டவும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று ஒதுக்கிய பணம், இவ்வாறு ஓரிரு நாள்களில் கரைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே பங்கு விலைகள் அலைவதன் காரணம் யாது, அந்த அலைவை அளப்பது எப்படி, அளந்தறிந்தபின் செய்யத்தக்கது என்ன என்ற மூன்று விஷயங்களை இன்று சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மத்திய அரசு ஊழியன். 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், அரசு ஊழியர் பங்குகளில் ஊக வாணிபம் செய்வதைத் தடை செய்கின்றன. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வாணிபமாகவே அங்குக் கருதப்படும். எனவே சந்தையில் சம்பாதித்தவன் என்ற தகுதியில் நான் பேசவில்லை. சொற்களை மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தப் பொருளும் ஒரு சொல்லின் வாயிலாகவே என்னை வந்தடைந்தது.

ஆங்கிலத்தில் 'வாலடிலிட்டி' என்று ஒரு சொல் உண்டு. பறத்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. இதனைத் தமிழில் 'ஏற்ற இறக்கம்' என்று எழுதிவந்தேன். பிழையில்லை, எனினும் ஒரு குறை இருந்தது. 'ஏற்ற இறக்கம்' என்றவுடன் படிப்பவரின் மனம் 'ஏற்றமா, இறக்கமா?' என்று திசையைத் தேடிப் போய்விடுகிறது. வடநாட்டுச் சந்தைகளில் வழங்கும் 'தேஜி', 'மந்தி' என்ற சொற்களை நேயர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். விலை ஏறுமுகமாக இருப்பது தேஜி. இறங்குமுகமாக இருப்பது மந்தி. இவ்விரண்டும் திசையைக் குறிப்பவை. நாம் பேச வந்ததோ திசையைப் பற்றியதன்று, வீச்சைப் பற்றியது. விலை எந்தப் பக்கம் போகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் வீசுகிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்குரிய விடையையே இங்கு 'அலைவு' என்று குறிப்பிடுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்கலாம். சென்ற வெள்ளிக்கிழமை இரண்டு பங்குகள் தலைக்கு 100 ரூபாயில் முடிந்தன என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரத்தின் ஐந்து நாள்களில் முதற்பங்கு 101, 100, 99, 101, 100 என்று நடந்தது. இரண்டாவது பங்கு 106, 96, 105, 94, 100 என்று நடந்தது. வார முடிவில் இரண்டும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கின்றன. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே தன்மையுடையவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாரத்தின் நடுவில் பணம் தேவைப்பட்டு விற்க நேர்ந்தவனைக் கேட்டால் வேறுபாடு விளங்கும். முதற்பங்கை வைத்திருந்தவன் ஓரிரு ரூபாய் முன்பின்னாகத் தப்பினான். இரண்டாவதை வைத்திருந்தவனுக்கு 106 கிடைத்திருக்கலாம், 94உம் கிடைத்திருக்கலாம்.

இந்த வேறுபாட்டை ஓர் எண்ணால் குறிப்பதே அலைவை அளத்தல். நாள்தோறும் விலை எத்தனை சதவிகிதம் மாறியது என்று குறித்துக்கொண்டு, அம்மாற்றங்கள் தம் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்று கணக்கிடுவார்கள். பள்ளிப் புத்தகங்களில் 'திட்ட விலக்கம்' என்று நாம் படித்தது இதுவே. ஒரு பங்கின் நாளலைவு 1 சதவிகிதம் என்றால், பெரும்பாலான நாள்களில் அதன் விலை முந்திய நாள் விலையிலிருந்து மேலோ கீழோ 1 சதவிகிதத்துக்குள் மாறும் என்பது தோராயமான பொருள்.

ஒரு நாளைக்கு 1 சதவிகிதம் என்றால் நான்கு நாளைக்கு 4 சதவிகிதமா? இல்லை, ஏறக்குறைய 2 சதவிகிதமே. கண்ணைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக அடியெடுத்து வைப்பவன், நான்கு அடிகளில் நான்கடி தூரம் போய்விடமாட்டான். சில அடிகள் ஒன்றையொன்று தள்ளுபடி செய்துவிடும். பொதுவாக இரண்டடி அளவே விலகி நிற்பான். காலம் நான்கு மடங்கானால் அலைவு இரு மடங்காகும். காலம் பதினாறு மடங்கானால் அலைவு நான்கு மடங்காகும். வர்க்கமூலக் கணக்கு இது. ஓராண்டில் சந்தை நடக்கும் நாள்கள் ஏறக்குறைய 250. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. எனவே நாளலைவை 16ஆல் பெருக்கினால் ஆண்டலைவு கிடைக்கும். ஆண்டலைவை 16ஆல் வகுத்தால் நாளலைவு கிடைக்கும். சந்தையோடு தொடர்புள்ளவர்கள் இந்தப் பதினாறு என்ற எண்ணை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

அதன் பயனை உடனே காணலாம். 'இந்தியா விக்ஸ்' என்றோர் எண்ணைத் தேசியப் பங்குச் சந்தை 2008ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. அடுத்த முப்பது நாள்களில் நிஃப்டி குறியீட்டெண் எவ்வளவு அலையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதை இந்த எண் காட்டுகிறது. 'ஆப்ஷன்' எனப்படும் ஒப்பந்தங்களுக்கு மக்கள் கொடுக்கும் விலையிலிருந்து இது கணக்கிடப்படுகிறது. ஆப்ஷன் விலையை ஒருவகைக் காப்புக் கட்டணம் என்று கொள்ளலாம். புயல் வரும் என்ற அச்சம் பரவினால் காப்புக் கட்டணம் உயருமல்லவா? அதுபோல அச்சம் மிகுந்தால் இந்த எண்ணும் உயரும். விக்ஸ் 20 என்றால் ஆண்டலைவு 20 சதவிகிதம் என்று பொருள். 16ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 1¼ சதவிகிதம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொள்ளைநோய்ப் பீதியின் உச்சத்தில், இந்த எண் 80ஐயும் தாண்டியது. அதாவது நாளொன்றுக்கு 5 சதவிகித அலைவைச் சந்தை எதிர்பார்த்தது. அந்த எண் 'எவ்வளவு' என்று சொல்லிற்றே அன்றி 'எந்தப் பக்கம்' என்று சொல்லவில்லை என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

இனி, விலைகள் ஏன் அலைகின்றன என்ற கேள்விக்கு வருவோம். முதற்காரணம் செய்தி. வரவு செலவுத் திட்டம், ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம், கச்சா எண்ணெயின் விலை, பருவமழை, தேர்தல், போர் ஆகிய ஒவ்வொன்றும் எதிர்கால லாபத்தைப் பற்றிய மதிப்பை மாற்றுகிறது. நமது சந்தை காலை 9.15 மணிக்குத் திறந்து பிற்பகல் 3.30 மணிக்கு முடிந்துவிடுகிறது. உலகமோ அதற்குப் பின்னும் விழித்திருக்கிறது. நமது இரவில் நியூயார்க் நகரத்துச் சந்தையில் நேர்ந்த வீழ்ச்சி, மறுநாட்காலை நமது சந்தை திறக்கும்போதே ஒரு பெரிய பள்ளமாகக் காட்சியளிக்கும்.

இரண்டாவது காரணம், வாங்குவோர் விற்போரின் தொகை. நாள்தோறும் லட்சக்கணக்கான பங்குகள் கைமாறும் பெரிய நிறுவனத்தில் ஒருவர் ஆயிரம் பங்குகளை விற்றால் விலை அசைவதில்லை. சில நூறு பங்குகளே கைமாறும் சிறு நிறுவனத்தில் அதே ஆயிரம் பங்குகள் விலையைத் தரைக்கு இழுத்துவிடும். ஏரியில் எறிந்த கல்லும் தொட்டியில் எறிந்த கல்லும் ஒரே அளவு அலையை எழுப்புவதில்லை.

மூன்றாவது காரணம் கடன். பிறர் பணத்தைக் கொண்டு வாங்கியவர்கள் மிகுந்திருக்கும் சந்தையில், விலை சற்று இறங்கினாலும் கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்பார். அதைக் கொடுப்பதற்காகப் பங்குகளை விற்பார்கள். விற்பதால் விலை மேலும் இறங்கும். இறங்கியதால் இன்னொருவர் விற்க நேரும். செய்தியால் தொடங்கிய சிறு அலை, கடனால் பேரலையாகிவிடும்.

இம்மூன்று காரணங்களும் ஒருங்கே செயல்பட்டதற்குப் பம்பாய் நகரத்து வரலாற்றிலேயே சான்று உண்டு. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும், இங்கிலாந்து நாட்டு ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. அவ்வாலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பெருகிற்று. அந்தப் பணம் புதிய வங்கிகளிலும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளிலும் பங்குகளாகப் பாய்ந்தது. பங்குகளை ஈடு வைத்துக் கடன் வாங்கி, அக்கடனில் மேலும் பங்குகள் வாங்கினர். பருத்தி வணிகரும் தரகருமான பிரேம்சந்த் ராய்சந்த் அந்நாளில் சந்தையின் முடிசூடா மன்னராக விளங்கினார். 1865இல் அமெரிக்கப் போர் முடிவுற்ற செய்தி வந்தது. பருத்தி விலை சரிந்தது. ஜூலை முதல் தேதி ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள். பணம் கொடுக்க எவராலும் இயலவில்லை. ஒரு காலத்தில் 2,850 ரூபாய் வரை விற்ற பம்பாய் வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. பிரேம்சந்தும் தம் செல்வத்தை இழந்தார். அவருடைய நன்கொடையால், அவர் தாயாரின் பெயரில் எழுந்த ராஜாபாய் மணிக்கூண்டு இன்றும் மும்பைப் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. அங்குள்ள நம்மவர் பலரும் அதைக் கண்டிருப்பீர்கள். இந்தச் சரிவுக்குப் பின்னர்த்தான், 1875இல், பம்பாய்த் தரகர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து இன்றைய மும்பைப் பங்குச் சந்தைக்கு வித்திட்டார்கள்.

அதே பருத்தி, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் அறிஞர்களுக்கு மற்றோர் உண்மையைப் புலப்படுத்தியது. பெனுவா மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் பருத்தி விலைகளின் நீண்ட வரலாற்றை ஆராய்ந்து 1963இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மிகப்பெரிய விலை மாற்றங்கள், வழக்கமான புள்ளியியல் கணக்கு எதிர்பார்ப்பதைவிட மிக அடிக்கடி நேர்கின்றன என்று அவர் கண்டார். பெரிய மாற்றத்தைத் தொடர்ந்து பெரிய மாற்றங்களும், சிறிய மாற்றத்தைத் தொடர்ந்து சிறிய மாற்றங்களும் வருவதையும் கவனித்தார். கொந்தளிப்பும் அமைதியும் தனித்தனி நாள்களாக வருவதில்லை, கூட்டங்கூட்டமாகவே வருகின்றன. இத்தன்மையைக் கணக்கில் கொண்டு அலைவை மதிப்பிடும் முறையை ராபர்ட் எங்கிள் என்ற பொருளாதார அறிஞர் 1982இல் வகுத்தார். அதன்பொருட்டு 2003ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

இதில் வர்த்தகருக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. நேற்றும் முன்தினமும் சந்தை கொந்தளித்திருந்தால், இன்றும் கொந்தளிக்கக் கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. திசையை முன்னறிவது அரிது. வீச்சை ஓரளவு முன்னறியலாம். இது முதற்பாடம். நாளலைவு 1¼ சதவிகிதம் என்று கணக்கு சொன்னாலும், அதனைப் போல் பத்து மடங்கு வீழ்ச்சியும் வரலாம் என்பது இரண்டாவது பாடம். 2020 மார்ச் 23ஆம் தேதி சென்செக்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவிகிதத்துக்கு மேல், வீழ்ந்தது. கணக்கு வழிகாட்டுமே தவிரக் காவல் நிற்காது.

இப்பொழுது, இப்பேச்சை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புக்கு அருகில் வாழும் தமிழன்பர் ஒருவர், தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். ஊரில் வாங்கிய மனையில் வீடு எழுப்புவதற்காகச் சேர்த்து வந்த தொகையில் 3 லட்சம் ரூபாயை எடுத்து, 2024 ஜூன் 3ஆம் தேதி, திங்கட்கிழமை, நிஃப்டியின் மீது 'ஃபியூச்சர்ஸ்' எனப்படும் முன்பேர ஒப்பந்தம் வாங்கினார். மறுநாள் மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளிவர இருந்தன. வாக்களித்தோரிடம் எடுத்த கணிப்புகளை நம்பி அன்று சந்தை 3 சதவிகிதத்துக்கு மேல் ஏறியிருந்தது. இன்னும் ஏறும் என்பது அவருடைய கருத்து. அவர் கட்டியது 3 லட்ச ரூபாய் முன்பணம். அதைக் கொண்டு அவர் பொறுப்பேற்ற ஒப்பந்தங்களின் மொத்த மதிப்போ ஏறத்தாழ 20 லட்சம்.

ஜூன் 4ஆம் தேதி முடிவுகள் கணிப்பை ஒத்து வரவில்லை. நிஃப்டி ஒரு கட்டத்தில் 8 சதவிகிதத்துக்கு மேல் வீழ்ந்து, பின்னர்ச் சற்று மீண்டு, ஏறக்குறைய 6 சதவிகித இறக்கத்தில் முடிந்தது. இருபது லட்சத்தில் 8 சதவிகிதம் 1,60,000 ரூபாய். நண்பகலில் தரகர் மேலும் முன்பணம் கேட்டார். அன்பரிடம் கொடுக்கப் பணம் இல்லை. ஒப்பந்தங்கள் அந்த விலையிலேயே விற்கப்பட்டன. கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் போயிற்று.

அத்தோடு முடிந்திருந்தால் அவர் 'கணிப்பு தவறியது' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பார். ஆனால் ஜூன் 3ஆம் தேதி 23,264இல் முடிந்து, 4ஆம் தேதி 21,884க்கு வீழ்ந்த நிஃப்டி, ஜூன் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, 23,290இல் முடிந்தது. மூன்றே நாள்களில் பழைய இடத்தையும் கடந்துவிட்டது! அவருடைய மனைவியார் மாதந்தோறும் சிறு தொகை கட்டிவந்த குறியீட்டு நிதியில், அதுவும் ஏறக்குறைய 3 லட்ச ரூபாயே, செவ்வாய்க்கிழமை 18,000 ரூபாய் குறைந்து, வெள்ளிக்கிழமை முழுவதும் திரும்பிவிட்டது. அந்த அம்மையார் அந்த வாரம் கணக்கையே திறந்து பார்க்கவில்லை.

"சார், சந்தை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. என் பணம் மட்டும் ஏன் வரவில்லை?" என்று அவர் என்னைக் கேட்டார். மிகவும் நல்ல கேள்வி. சந்தையில் இறங்கும் ஒவ்வொருவரும் பணத்தைக் கட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இதற்குரிய விடையை அவருடைய கணக்கிலேயே காணலாம். மனைவியாரின் 3 லட்சம் 3 லட்சமாகவே நின்றது. 6 சதவிகித வீழ்ச்சி அங்கு 6 சதவிகிதமே. கணவரின் 3 லட்சமோ 20 லட்சத்தின் சுமையைத் தாங்கி நின்றது. அங்கு 8 சதவிகித வீழ்ச்சி 53 சதவிகிதமாகப் பெருகிற்று. அலைவு இருவருக்கும் பொது. கடனால் பெருக்கப்பட்ட அளவு ஒருவருக்கே உரியது. அலைவைப் பொறுத்திருந்து கடக்க அந்த அம்மையாருக்கு முடிந்தது. பொறுத்திருக்கும் உரிமையே கணவருக்கு இல்லாமற் போயிற்று. விலையின் அலைவு தானாக நஷ்டமாவதில்லை. தாங்க முடியாத அளவில் நாம் நிற்கும்போது, நடுவழியில் விற்க வேண்டிய கட்டாயமே அதனை நஷ்டமாக்குகிறது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அவ்வாண்டு ஏப்ரல் பிற்பகுதியில் 10ஐ ஒட்டிக் கிடந்த இந்தியா விக்ஸ், மே மாத இறுதியில் இருமடங்குக்கு மேல் ஏறியிருந்தது. தேர்தலில் வெற்றி யாருக்கு என்று அந்த எண் சொல்லவில்லை. ஆனால் முடிவு எதுவாயினும் வீச்சு பெரிதாக இருக்கும் என்று சொல்லிற்று. அவர் திசையைப் பற்றிய பேச்சை நாள் முழுதும் கேட்டார். வீச்சைப் பற்றிய எண்ணைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒப்பந்தம் வாங்காமலே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அளவைப் பாதியாகவோ கால் பங்காகவோ குறைத்திருக்கலாம்.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் 'செபி' வாரியம் 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் ஒப்பந்தங்களில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்றும், செலவுகளையும் சேர்த்துத் தலைக்குச் சராசரி நஷ்டம் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய் என்றும் அந்த ஆய்வு கூறுகிறது.

இனி, செய்யத்தக்கது யாது? வர்த்தகம் செய்தே தீர வேண்டும் என்ற எண்ணமுடையவர், எவ்வளவு வாங்கலாம் என்பதை அலைவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். கணக்கு எளிது. ஒருவரிடம் 2 லட்சம் ரூபாய் மூலதனம் இருக்கிறது. ஒரு வியாபாரத்தில் தவறு நேர்ந்தால் 2,000 ரூபாய், அதாவது நூற்றுக்கு ஒன்று, இழக்கலாம் என்று அவர் வரம்பிட்டுக்கொள்கிறார். 500 ரூபாய் விலையுள்ள பங்கு ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 10 ரூபாய் அலைகிறது. சாதாரண அலைவிலேயே தள்ளப்பட்டு வெளியேறாதிருக்க, அதன் இரு மடங்காகிய 20 ரூபாய் இறங்கினால் விற்றுவிடுவது என்று முடிவு செய்கிறார். 2,000த்தை 20ஆல் வகுத்தால் 100 பங்குகள். அவ்வளவே வாங்கலாம். சந்தை கொந்தளித்து அப்பங்கின் நாளலைவு 20 ரூபாயாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்பொழுது விற்கும் எல்லை 40 ரூபாய். 2,000த்தை 40ஆல் வகுத்தால் 50 பங்குகள். அலைவு இரட்டித்தது, அளவு பாதியாயிற்று. இழக்கக்கூடிய தொகை மாறவில்லை. தக்காளிக் கடையில் இல்லத்தரசி செய்ததும் இதுவே.

'ஸ்டாப் லாஸ்' எனப்படும் விற்பனைக் கட்டளையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் கவலையில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். சந்தை படிப்படியாக இறங்கும்போது அது உதவும். காலையில் திறக்கும்போதே விலை அந்த எல்லைக்குக் கீழே இருந்தால், கிடைத்த விலைக்கே விற்க நேரும்; அல்லது விற்கவே இயலாமற் போகும். இவ்வாறே, குறியீட்டெண் 10, 15, 20 சதவிகிதம் மாறினால் வியாபாரத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு 2001 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. 2020 மார்ச் 23ஆம் தேதி காலையில் 10 சதவிகித எல்லை தொடப்பட்டதும் சந்தை 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மீண்டும் திறந்தபின் வீழ்ச்சி தொடர்ந்தது. பதற்றம் தணிய அவகாசம் கொடுப்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம், நஷ்டத்தைத் தடுப்பதன்று.

மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. நூறு ரூபாய் 10 சதவிகிதம் ஏறி, பின் 10 சதவிகிதம் இறங்கினால் 99 ரூபாயாகிறது. 50 சதவிகிதம் ஏறி, 50 சதவிகிதம் இறங்கினால் 75 ரூபாயாகிறது. பாதியை இழந்தவர் பழைய நிலையை அடைய, எஞ்சியதை இரட்டிப்பாக்க வேண்டும். வீச்சு பெரிதாகப் பெரிதாக, மீளும் வழி நீண்டுகொண்டே போகிறது. நஷ்டத்தை உடனே மீட்க வேண்டும் என்று அளவைக் கூட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

பொறுத்திருந்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று நான் கூறுவதாகவும் கொள்ள வேண்டாம். 2020இல் வீழ்ந்த குறியீட்டெண்கள் அவ்வாண்டு நவம்பரிலேயே தம் பழைய உச்சத்தைக் கடந்தன. 1865இல் வீழ்ந்த பம்பாய்க் கம்பெனிகளுட் பலவோ மீளவே இல்லை. பல நிறுவனங்களின் தொகுதியாகிய குறியீட்டெண் வேறு, ஒற்றை நிறுவனத்தின் பங்கு வேறு. முன்னது அலையக்கூடியது; பின்னது அழியவும் கூடியது. ஓரிரு ஆண்டுகளில் தேவைப்படும் பணம் இவ்விரண்டிலும் இருக்கலாகாது. வீட்டுக்கு அடித்தளம் இடவும் கல்லூரிக் கட்டணம் கட்டவும் குறித்த தேதி உண்டு. சந்தைக்கு அத்தகைய தேதி எதுவும் இல்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்குத் தனியாக ஒரு சொல். அயல்மொழி பேசும் ஊரில், தமிழில் பேசுகிறார் என்பதனாலேயே ஒருவரிடம் நம் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. கைபேசிக் குழுக்களில் 'நம்ம ஊர்க்காரர்' என்று அறிமுகமாகி, மாதந்தோறும் உறுதியான லாபம் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அலைவு உள்ள சந்தையில் உறுதியான லாபம் என்பது தன்னையே மறுக்கும் வாக்கியம். பணத்தைக் கொடுக்குமுன், அவர் செபியில் பதிவு பெற்றவரா என்று அந்த வாரியத்தின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். பதிவு பெற்றவரும்கூட லாபத்துக்கு உறுதி கூற அனுமதியில்லை.

நம் அன்பர் அதன்பின் ஒப்பந்த வாணிபத்தை நிறுத்திவிட்டார். ஊரில் வீட்டு வேலை ஓராண்டு தள்ளிப்போயிற்று. இப்பொழுது அவர் எதையேனும் வாங்குமுன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிப் பார்க்கிறார்: இது நாளொன்றுக்கு எவ்வளவு அலைகிறது? நான் எவ்வளவு இழக்கலாம்? அப்படியானால் எத்தனை வாங்கலாம்? விலை ஏறுமா என்ற கேள்வி அந்தத் தாளில் நான்காவதாகக்கூட இல்லை. அதற்கு விடை தெரிந்தவர் எவரும் இல்லை என்று அவர் சொல்கிறார்.